வீட்டு வயரில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் கட்டினேன், 6.78-இல் போய் நிற்கிறது. வெட்டலாமா?

புதுக்கம்பி:

வணக்கம் நண்பர்களே. அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய 100 வாட் எச்எஃப் ரிக் (சிற்றலை ரேடியோப் பெட்டி) ஒன்றும் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்றும் வைத்திருக்கிறேன். ரிக் வாங்கியதோடு பை காலி. அதனால் ஆன்டெனாவை வீட்டில் கிடப்பதை வைத்தே கட்டிவிடுவது என்று இறங்கினேன்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பிளாஸ்டிக் உறையோடு, ஒரு சுருள் இருந்தது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் (நடுவில் கேபிள் சேர்ந்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) நீளம் மீட்டரில் வரும் என்று படித்திருந்தேன். 7.1-க்கு 20.14 மீட்டர். பக்கத்துக்கு 10.07 என்று டேப் வைத்து அளந்து வெட்டினேன். மாடியில் ஒரு பிவிசி குழாயை நிறுத்தி, நடுப்புள்ளியை 6 மீட்டர் உயரத்தில் கட்டினேன். இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றால் இழுத்து 3 மீட்டர் உயரத்தில் விட்டிருக்கிறேன், தலைகீழ் வி வடிவத்தில். இன்சுலேட்டருக்குக் காலி மாத்திரை டப்பாக்கள். கேபிள் 25 மீட்டர் ஆர்ஜி-58. அதை நடுவில் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டிவிட்டேன். பாலன் (கேபிளின் வெளிப்பக்கமாக மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) எதுவும் போடவில்லை.

நண்பரின் நானோவிஎன்ஏ என்ற அளவு கருவியை இரவல் வாங்கி அளந்தால், எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) ஆகக் குறைவாக இருப்பது 6.78 மெகாஹெர்ட்ஸில், 1.4. எனக்கு வேண்டிய 7.1-இல் 3-ஐத் தாண்டுகிறது. ரிக் பயந்துபோய்ப் பவரைத் தானே குறைத்துக்கொள்கிறது. மூன்று தடவை டேப்பை வைத்துப் பார்த்துவிட்டேன், அளவில் தப்பில்லை.

இதைவிடத் தொந்தரவு இன்னொன்று. மைக்கை வாயருகே வைத்துப் பேசினால் உதட்டில் சுருக்கென்று குத்துகிறது. கணினி ஸ்பீக்கர் என் குரலையே கரகரவென்று திருப்பிச் சொல்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கம்பியை வெட்டலாமா, எவ்வளவு? பாலன் இல்லாததுதான் இந்தச் சுருக்குக்குக் காரணமா? டிவிக்குப் போட்ட ஆர்ஜி-6 கேபிள் ஒரு பெரிய சுருள் சும்மா கிடக்கிறது, அது உதவுமா? ஹேண்டிக்கு 145 மெகாஹெர்ட்ஸில் ஏதாவது கட்டவும் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலைநீளம்:

உங்கள் கணக்கு சரிதான். 143 என்பது உறையில்லாத வெறும் கம்பிக்கு உத்தேசமாகச் சொல்லும் எண். பிளாஸ்டிக் உறை போட்ட வயரில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் 2 முதல் 5 சதவீதம் வரை குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். போதாததற்கு முனைகளைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கிறீர்கள். அதுவும் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும்.

இப்போது இருக்கும் நீளத்தை 6.78-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள். 19.23 மீட்டர் வருகிறது. அதாவது பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், 1.0 வந்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் திரும்பி வரும் பவர் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.4-க்கும் 1.1-க்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்முனையில் யாரும் காதால் கண்டுபிடிக்க முடியாது.

ஈயப்பொட்டு:

தம்பி, வெட்டாதீர்கள். மடியுங்கள்.

அலைநீளம் சொன்ன 45 சென்டிமீட்டர் சரியான கணக்கு. ஆனால் அதை இடுக்கியால் வெட்டிப் போட்டுவிட்டு, நாளைக்குக் கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தியதும் அதிர்வெண் நகர்ந்தால் ஒட்டுப்போட வேண்டிவரும். முனையை இன்சுலேட்டர் ஓட்டை வழியாக விட்டு, 45 சென்டிமீட்டரைப் பின்னால் மடித்து, அதே கம்பியின் மேலேயே ஒட்டினாற்போல் சுற்றி, கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கம்பியோடு ஒட்டிக் கிடக்கும் மடிப்பு ஏறக்குறைய வெட்டினது போலத்தான் நடந்துகொள்ளும். தொங்கவிட்டால் அப்படி இல்லை, தொங்குகிற வாலும் ஆன்டெனாவில் சேர்ந்துவிடும். கேபிள் டை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கி உதிர்ந்துவிடும், நான் கீழே கிடந்து பொறுக்கியிருக்கிறேன்.

உதட்டுச் சுருக்கு பாலன் இல்லாததால்தான். டைபோலின் ஒரு கை கேபிளின் நடுக்கம்பியில், இன்னொரு கை வெளிப்பின்னலில். பின்னலின் உள்பக்கம் வருகிற மின்னோட்டம் மேலே வந்ததும், கையில் ஏறுவதா, பின்னலின் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கீழே ஓடுவதா என்று இரண்டு வழியும் திறந்திருப்பதைப் பார்க்கும். ஒரு பகுதி கீழே ஓடிவிடும். அப்படி ஓடுவது உங்கள் ரிக் வரைக்கும் வந்து, மைக்கில் ஏறி, உதட்டில் இறங்குகிறது. கேபிளே ஆன்டெனாவின் மூன்றாவது கை ஆகிவிட்டது. கேட்கும்போதும் இதே கதைதான். வீட்டில் இருக்கிற சார்ஜர், எல்இடி பல்பு எல்லாவற்றின் இரைச்சலையும் அந்த மூன்றாவது கை பொறுக்கிக்கொண்டு வரும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, டைபோலின் நடுப்புள்ளிக்குக் கீழேயே, கேபிளை ஒன்றையொன்று தொடும்படி 12 அல்லது 13 சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சுருளே பாலன். ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேபிள் பிடிக்கும். கொத்தாகச் சுருட்டி டேப் ஒட்டிவிடாதீர்கள், முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் வந்தால் உபயோகம் பாதியாகிவிடும். வரிசையாகப் போக வேண்டும். பெரிய ஃபெரைட் வளையம் கையில் இருந்தால், எஃப்டி240 அளவில் 31 அல்லது 43 கலவை, அதில் 12 சுற்று இன்னும் நன்றாக வேலை செய்யும், பல பேண்டுக்கும் ஆகும். இல்லாவிட்டால் குழாய் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் ஒன்றுக்காகக் கட்டுகிற ஆளுக்குக் குழாய் தாராளம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு பேருமே எஸ்டபிள்யூஆர் பற்றியே பேசுகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவன்தான்.

என்னுடைய இரண்டாவது டைபோல், இதே 7 மெகாஹெர்ட்ஸ்தான். நடுப்புள்ளியில் ஈயம் வைத்து, மேலே சிலிகான் பசையை அப்பினேன். புளித்த வினிகர் வாடை அடிக்குமே, அந்த வகை. கேபிள் நேராக மேலே ஏறி அந்த இணைப்பில் முடிந்தது. முதலில் 7.1-இல் 1.3, இரண்டு பக்கமும் போகப்போக ஏறியது. எல்லா டைபோலும் போலத்தான். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அளந்து பார்த்தால், 7.0-இலிருந்து 7.2 வரைக்கும் ஒரே கோடு, 1.2. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பி செட் ஆகிவிட்டது, காற்றில் பதப்பட்டுவிட்டது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மீட்டரைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

ஆனால் கூப்பிட்டால் யாரும் திரும்பவில்லை. வழக்கமாக மாலையில் பேசுகிற நண்பர், "இன்றைக்கு எங்கே போனீர்கள், வரவே இல்லையே" என்று கேட்டார். நான் அரைமணி நேரம் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேண்ட் சரியில்லை, சூரியன் சரியில்லை என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

கடைசியில் கேபிளை இறக்கி, இரண்டு மீட்டர் தள்ளி வெட்டிப் பார்த்தால் உள்ளே பின்னல் கன்னங்கரேல். இன்னும் ஐந்து மீட்டர் தள்ளி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. திரி எண்ணெயை இழுப்பது போலப் பின்னல் தண்ணீரை இழுத்திருக்கிறது. அந்த வினிகர்ப் பசை இறுகும்போது விடுகிற அமிலமும் செம்பை அரித்திருக்கிறது. என் பவரெல்லாம் கேபிளைச் சூடாக்குவதில் போய்விட்டது. மேலே போன கொஞ்சநஞ்சம் திரும்பி வரும் வழியிலும் கேபிள் தின்றுவிட்டதால், மீட்டருக்குத் திரும்பி வருவது எதுவுமே தெரியவில்லை. அதனால்தான் அத்தனை அழகான 1.2. டம்மி லோடுக்கும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரைச் சூடாக்கி விழுங்கும் மின்தடை) எஸ்டபிள்யூஆர் 1.0-தான் தம்பி, அதை வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குக்கூடப் பேச முடியாது.

அன்றிலிருந்து நான் செய்கிற சோதனை இது. டைபோலைக் கழற்றிவிட்டு, கேபிளின் மேல்முனையை எதிலும் சேராமல் திறந்து வையுங்கள். கீழ்முனையில் நானோவிஎன்ஏ-வை மாட்டி 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் பாருங்கள். ரிக்கை மாட்டிப் பவர் கொடுக்காதீர்கள், அளவு கருவி மட்டும். திறந்த முனை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும், ஆகவே எண் பெரிதாக இருப்பதுதான் நல்ல கேபிளுக்கு அடையாளம். 25 மீட்டர் ஆர்ஜி-58-இல் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இழப்பு ஏறக்குறைய 1 டெசிபல். அப்படியானால் 8, 9 என்று காட்ட வேண்டும். 3 காட்டினால் ஒரு வழிக்கு 3 டெசிபல் போகிறது, பாதிப் பவர் கேபிளுக்கே சாப்பாடு. என் பழைய கேபிளில் 1.3 காட்டியது.

ஆகவே கம்பியில் கஞ்சத்தனம் செய்யுங்கள், தண்ணீர் அடைப்பதில் செய்யாதீர்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண பிவிசி டேப். சுற்று கீழிருந்து மேலாகப் போகட்டும், கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வழியவிடும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை கீழே வளைந்து மேலே ஏறட்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

ஆர்ஜி-6 தாராளமாக உதவும். 75 ஓம்தான், அதற்கென்ன? வெட்டவெளியில் நேராகக் கட்டிய டைபோல் 73 ஓம். உங்களுடையது தாழ்வான தலைகீழ் வி, 50-க்குப் பக்கத்தில் வரும். கேபிளுக்குள் எஸ்டபிள்யூஆர் 1.5-ஐ ஒட்டித்தான் இருக்கும், அது எவ்வளவு நஷ்டம் என்று மேலே ஒருவர் சொல்லிவிட்டார். இழப்பு ஆர்ஜி-58-ஐவிடக் குறைவு. ஒரே தொல்லை, பல ஆர்ஜி-6 கேபிளில் பின்னல் அலுமினியம். ஈயம் ஒட்டவே ஒட்டாது. எஃப் கனெக்டரை அதன் கருவியால் அழுத்திப் போட்டு, மாற்று அடாப்டர் வழியாக ரிக்குக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே நுரை இருப்பதால் இறுக்கமாக வளைக்காதீர்கள்.

பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் கம்பம் சாய்ந்தாலோ, ஆன்டெனாக் கம்பி அறுந்து பறந்தாலோ, எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். பேசும்போது டைபோல் முனையை யாரும் தொடும்படி இருக்கக் கூடாது, மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். உங்கள் 3 மீட்டர் சரி, அதற்குக் கீழே இறக்காதீர்கள்.

முனையூட்டு:

ஈயப்பொட்டு ஐயா சொன்ன கேபிள் கதைக்கு என் வணக்கம். இருந்தாலும் புதியவருக்கு முதலிலேயே டைபோலைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் ஒரு கம்பம், அங்கே கேபிளின் கனம், அது தொய்ந்து காற்றில் ஆடுவது. எதற்கு?

அதே 20 மீட்டர் கம்பியை ஒரே துண்டாக எடுத்து, முனையில் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஊட்டுங்கள். 43 கலவை வளையத்தில் முதல் பக்கம் 2 சுற்று, இரண்டாம் பக்கம் 14. முனையில் இருக்கிற 2,450 ஓம் 50 ஓமாக இறங்கிவிடும். கம்பி ஜன்னல் பக்கத்தில் தொடங்கி ஒரு மரத்தில் முடியலாம். 7, 14, 21, 28 நான்கு பேண்டும் ஒரே கம்பியில். டைபோலில் 7-ஐ விட்டால் 21 மட்டும்தான், அதுவும் கொஞ்சம் மேலே தள்ளி விழும்.

இது புது வித்தையும் அல்ல. செப்பலின் ஆகாயக் கப்பலில் இருந்து பின்னால் தொங்கவிட்ட கம்பியை முனையில் ஊட்டும் முறைக்கு 1909-இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். கப்பலிலிருந்து நடுவில் எப்படி ஊட்டுவது? எனக்கும் மாடியில் அதே நிலைமைதான்.

ஈயப்பொட்டு:

முனையூட்டு சொல்வது நல்ல ஆன்டெனா, என்னிடமும் ஒன்று இருக்கிறது. வெளியே பையில் தூக்கிக்கொண்டு போவதற்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் தம்பிக்கு இப்போதே உதட்டில் குத்துகிறது. முனையில் ஊட்டினால் கேபிளின் வெளிப்பக்கம்தான் மீதிப் பாதி ஆன்டெனாவாகப் போகும், அடக்கவில்லை என்றால் உதடு மட்டுமல்ல, கணினியே நின்றுவிடும். வளையம் சின்னதாக இருந்து 100 வாட்டில் நீளமாகப் பேசினால் கொதிக்கும். மாட்டுவதற்கு முன் அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். டைபோலில் தப்பு நடந்தால் ஒரு டேப்பால் கண்டுபிடிக்கலாம். முதலில் அது.

புதுக்கம்பி:

ஐயா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. முதல் வேலையாகத் திறந்த முனைச் சோதனை செய்தேன். 8.4 காட்டுகிறது. எனக்குப் பெரிய நிம்மதி. மின்கம்பி வீட்டின் மறுபக்கம், கம்பம் எப்படி விழுந்தாலும் எட்டாது.

மடிப்பும் சுருளும் வார இறுதியில். அதற்குள் 145 பற்றியும் சொல்லிவிட்டால் இரண்டையும் சேர்த்துச் செய்வேன். ஹேண்டியோடு வந்த ரப்பர் குச்சியில் ரிப்பீட்டர் (வாங்கிய குரலைத் திரும்ப அனுப்பும் நிலையம்) திறக்கிறது, ஆனால் என் குரல் பாதி நுரைக்கிறது என்கிறார்கள். மிஞ்சிய ஆர்ஜி-58-இல் இன்னொரு 25 மீட்டர் இருக்கிறது, அதைப் போட்டு மாடிக்கு ஏற்றலாமா?

ஈயப்பொட்டு:

25 மீட்டர் ஆர்ஜி-58 145-க்கு வேண்டாம். அதே கேபிள்தான், ஆனால் அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். 7-இல் 1 டெசிபல் தின்றது 145-இல் 5 டெசிபல் அளவுக்குத் தின்னும். உங்கள் 5 வாட்டில் மேலே போய்ச் சேர்வது ஒன்றரை வாட்தான். கேட்பதிலும் அதே நஷ்டம். உங்களிடம் இருக்கிற ஆர்ஜி-6-ஐ இதற்குப் போடுங்கள், இங்கேதான் அது உண்மையில் பிரயோசனப்படும். கேபிளைச் சின்னதாக்க முடிந்தால் அதைவிட நல்லது. ஜன்னலுக்கு வெளியே மூன்று மீட்டர் கேபிளில் நிற்கிற ஆன்டெனா, மாடி உச்சியில் 25 மீட்டர் கேபிளில் நிற்பதைப் பல தடவை ஜெயித்துவிடும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஆன்டெனாவுக்கு எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, நாலு மூலையிலும் திருகு ஓட்டை உள்ளது. கெட்டியான செம்புக் கம்பி, இரண்டு மில்லிமீட்டர் அளவில், இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தினாலும் வேலை நடக்கும், ஈயம் வைப்பதற்கு முன் வார்னிஷைச் சுரண்ட வேண்டும், அவ்வளவுதான். நடு ஊசியில் நிமிர்ந்து நிற்கும் கம்பி 49 சென்டிமீட்டர். நாலு ஓட்டையிலும் நாலு கம்பி, 51 அல்லது 52 சென்டிமீட்டர், கீழ்நோக்கி 45 பாகை சாய்த்து விடுங்கள். அந்தச் சாய்வு அழகுக்கு அல்ல. நாலையும் கிடையாக விட்டால் 36 ஓம் பக்கம் நிற்கும், சாய்க்கச் சாய்க்க 50-க்கு ஏறும். அளந்து பார்த்துக்கொண்டே கையால் வளைத்துச் சரிசெய்யலாம், இதைவிட எளிய டியூனிங் கிடையாது.

ஒவ்வொரு கம்பியின் நுனியையும் சின்ன வளையமாகச் சுருட்டிவிடுங்கள். நீளத்தை வளையத்தின் உச்சிவரை அளந்தால் போதும். மாடியில் இருட்டில் குனிந்து நிமிர்கிற ஆளின் கண் உயரத்தில்தான் இந்தக் கம்பிகள் எப்போதும் இருக்கும். எனக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கெட்டை ஒரு பிவிசி குழாயின் தலையில் உட்காரவைத்து, கேபிளைக் குழாய்க்குள்ளேயே இறக்கிவிடுங்கள். மழை இணைப்பில் படாது.

இதில் ஒரு இலவசம் உண்டு. 145-க்குக் கால் அலையாக நிற்கிற அதே 49 சென்டிமீட்டர், 435 பக்கத்தில் முக்கால் அலை ஆகிவிடும், அங்கேயும் ஒத்துப்போகும். அப்போது அலை கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்பும். தரையில் இருக்கிற ரிப்பீட்டருக்கு அது நல்லதல்ல. வானத்துக்கு நல்லது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு அமெச்சூர் ரிப்பீட்டர் இருக்கிறது, 437.800-இல் கேட்கலாம். எப்போதும் இயங்காது, இயங்கும்போது உங்கள் ஹேண்டிக்கே கேட்கும். நிலையம் எழும்போது 437.810-இல் தொடங்கி, தலைக்கு மேலே 437.800, இறங்கும்போது 437.790 என்று கைமாற்றிக்கொண்டே வர வேண்டும். ரயில் ஹாரன் நம்மைத் தாண்டும்போது சுருதி இறங்குகிற மாதிரிதான்.

டைபோலைக் கட்டி முடித்ததும் மீட்டரை மூடி வைத்துவிட்டு விஸ்பர் (மெல்லிய சிக்னலை அனுப்பிச் சோதிக்கும் கணினி முறை) ஒரு இரவு ஓடவிடுங்கள். 200 மில்லிவாட் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி, இரைச்சலுக்கு 28 டெசிபல் கீழே கிடந்தாலும் எதிர்முனைக் கணினி தோண்டி எடுத்துவிடும். யார் கேட்டார்கள், எவ்வளவு பலத்தில் என்று வலையில் பட்டியல் வந்துவிடும். இதை 2008-இல் எழுதிக் கொடுத்தவர் ஜோ டெய்லர், பல்சர் ஆராய்ச்சிக்காக 1993-இல் நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர். நட்சத்திர முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு நம் தகரக் கம்பி எல்லாம் சும்மா. நான் அந்த மூன்று வாரம் விஸ்பர் ஓட்டியிருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும், பட்டியல் வெறுமையாக இருந்திருக்கும்.

புதுக்கம்பி:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சுருள். 110 மில்லிமீட்டர் குழாயில் 13 சுற்று. ஏற்றிவிட்டு வேறு எதையும் தொடாமல் மைக்கைப் பிடித்தேன். சுருக்கு இல்லை. ஸ்பீக்கரும் வாயை மூடிக்கொண்டது. அதைவிட ஆச்சரியம், ரிக்கில் பின்னணி இரைச்சல் இரண்டு எஸ்-அலகு (ரிக் மீட்டர் காட்டும் சிக்னல் பல அளவு) இறங்கிவிட்டது. நான் பேண்டின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் வீட்டு எல்இடி பல்புகளாம்.

அப்புறம் மடிப்பு. 45 சென்டிமீட்டர் இரண்டு பக்கமும் மடித்ததும் 7.06-க்கு வந்தது, சரியாக 7.1 இல்லை. மடித்த வால் கொஞ்சம் தளர்வாக இருந்ததைப் பார்த்து இறுக்கிக் கட்டினேன், 7.09. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை, இன்னொரு குழாயைச் சேர்த்து நடுப்புள்ளியை 8 மீட்டருக்கு உயர்த்தினேன், 7.13-க்குப் போய்விட்டது. வெட்டாமல் விட்டதன் அருமை அப்போது தெரிந்தது. இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மடிப்பை அவிழ்த்துவிட்டேன். இப்போது 7.10-இல் 1.3.

விஸ்பர் ஓட்டினேன், 200 மில்லிவாட்டில். முதல் இரவு பதினாறு நிலையங்கள் கேட்டிருக்கின்றன, தூரத்தில் இருப்பது 1,900 கிலோமீட்டர். மாத்திரை டப்பாவில் தொங்குகிற கம்பி. பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.

145-க்குச் சாக்கெட் ஆன்டெனாவை மாடியில் ஆர்ஜி-6 போட்டு ஒருமுறையும், ஜன்னலுக்கு வெளியே 4 மீட்டர் கேபிளில் ஒருமுறையும் முயன்றேன். ஈயப்பொட்டு ஐயா, என் விஷயத்தில் மாடிதான் ஜெயித்தது. ஜன்னல் ரிப்பீட்டர் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம், நடுவில் முழு வீடும் நிற்கிறது. குரல் இப்போது நுரைக்கவில்லை என்கிறார்கள். நுனிகளைச் சுருட்டிவிட்டேன். விண்வெளி நிலையம் இன்னும் கேட்கவில்லை, இரண்டு தடவை தலைக்கு மேலே போனது, வெறும் இரைச்சல்தான்.

ஒரு சந்தேகம். நேற்று நல்ல மழை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அளந்தேன், ஒத்ததிர்வு 7.10-இலிருந்து 7.07-க்கு இறங்கியிருந்தது. உங்கள் கதையைப் படித்ததிலிருந்து தண்ணீர் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. இணைப்பில் ரப்பர் டேப்பைத்தான் சுற்றியிருக்கிறேன், வினிகர் வாடை இல்லாதது.

ஈயப்பொட்டு:

ஜன்னல் விஷயத்தில் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டைப் பார்க்காமல் சொன்னது என் தப்பு.

மழையில் 30 கிலோஹெர்ட்ஸ் இறங்குவது கம்பி உறைமேல் தண்ணீர் ஒட்டியிருப்பதால். உறை போட்ட வயருக்கு அது சகஜம், பயப்பட வேண்டாம். காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். 7.10-க்குத் திரும்பிவிட்டால் கம்பி நனைந்தது, அவ்வளவுதான். திரும்பாமல் கோடு தட்டையாகி, எஸ்டபிள்யூஆர் எல்லா இடத்திலும் அழகாகத் தெரிந்தால், சந்தோஷப்படாமல் கேபிளைக் கழற்றித் திறந்த முனையைப் பாருங்கள். உங்கள் எண் 8.4. குழாயிலேயே எழுதி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட.

விண்வெளி நிலையத்துக்கு ஸ்குவெல்ச்சை (சிக்னல் பலவீனமாக இருந்தால் ஒலியை அடைத்துவிடும் அமைப்பு) முழுவதும் திறந்து வைத்தீர்களா?

புதுக்கம்பி:

இல்லை ஐயா. ஸ்குவெல்ச்சைப் பற்றி யோசிக்கவே இல்லை. நடுவில் நடுவில் வந்து போன இரைச்சல் அதனால்தானா? அடுத்து எப்போது மேலே வருகிறது என்று பார்க்கிறேன்.

கம்பி காய்ந்துவிட்டது. 7.10.